ஹெக்லாவிலிருந்து எஸ்யா வரை

1947 ஜூன் மாதம் ஐஸ்லாந்துக்கு ஒரு நான்கு எஞ்சின் விமானம் வந்து சேர்ந்தது. டக்ளஸ் ஸ்கைமாஸ்டர் வகை. லோஃப்ட்லெய்திர் என்ற சின்ன நிறுவனம் வாங்கியது; வைத்த பெயர் ஹெக்லா. தலைநகர் ரெய்க்யவிக்குக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நிற்கும் எரிமலையின் பெயர் அது. அந்த மலையை நரகத்தின் வாசல் என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பினார்கள். நூறாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்த ஹெக்லா, அந்த ஆண்டு மார்ச் 29 அன்று வெடித்தது. புகைத்தூண் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தது. விமானம் வந்து இறங்கியபோதும் மலை ஓய்ந்திருக்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில்தான் ஓய்ந்தது. ஆட்களை ஏற்றிச் செல்லும் ஊர்திக்கு, அந்த நேரத்தில் அனல் கக்கிக்கொண்டிருந்த மலையின் பெயர். வேறு ஊராக இருந்தால் வீட்டுப் பெரியவர் யாராவது குறுக்கே விழுந்து தடுத்திருப்பார்.

2024 டிசம்பரில் அதே நாட்டில் இன்னொரு புது விமானம் இறங்கியது. லோஃப்ட்லெய்திரின் வழிவந்த ஐஸ்லாந்தேர் நிறுவனத்தின் முதல் ஏர்பஸ், ஏ321எல்ஆர். அதற்கு வைத்த பெயர் எஸ்யா. ரெய்க்யவிக்கின் கரையில் நின்றால் விரிகுடாவுக்கு அக்கரையில் நீளமாகப் படுத்திருக்கும் 914 மீட்டர் மலை. தலைநகரத்துக்காரர்கள் ஓய்வுநாளில் ஏறி இறங்கிவரும் மலை. இதற்கு நரகத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஸ்கைமாஸ்டரில் நாற்பது சொச்சம் பேர் உட்காரலாம். உள்ளே காற்றழுத்தத்தைச் சரிசெய்யும் வசதி இல்லாததால் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க வழியில்லை. சுமார் மூவாயிரம் மீட்டர் உயரத்தில், காற்றும் மழையும் கொடுக்கிற உலுக்கலை வாங்கிக்கொண்டே போகவேண்டும். மணிக்கு 350 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். கோபன்ஹேகன் போய்ச்சேர ஆறேழு மணி நேரம் பிடித்தது. இன்றைய எஸ்யாவில் 187 இருக்கைகள். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மேகம் கீழே கிடக்க, அதே கோபன்ஹேகனுக்கு மூன்று மணி நேரம். நிரப்பிய எரிபொருளில் 7,400 கிலோமீட்டர் நிற்காமல் பறக்கும். அன்று அமெரிக்கா போகவேண்டுமானால் கனடாக் கரையில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்வது வழக்கம்.

ஐஸ்லாந்தின் விமான வரலாறு இரண்டு குடும்பங்களின் கதை. மூத்தது 1937இல் வடகரை ஊரான அகுரெய்ரியில் தொடங்கிய நிறுவனம். மறு ஆண்டு வந்த அதன் முதல் விமானம், தண்ணீரில் இறங்குவதற்கான மிதவைகள் பொருத்திய ஒரு வாக்கோ. பிறகு தலைநகருக்குக் குடிபெயர்ந்து ஃப்லுக்ஃபியேலாக் ஈஸ்லாந்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1945 ஜூலையில் ஒரு கட்டலினா கடல் விமானத்தில் நான்கு பயணிகளை ஏற்றி ஸ்காட்லாந்துக்குப் போனதுதான் நாட்டின் முதல் வெளிநாட்டுப் பயணிகள் சேவை. இளையது லோஃப்ட்லெய்திர். கனடாவில் விமானம் ஓட்டிப் பழகித் திரும்பிய மூன்று இளைஞர்கள் 1944இல் ஒரே ஒரு ஸ்டின்சன் விமானத்தோடு தொடங்கினார்கள். கோடையில் அந்த ஸ்டின்சன் வடக்குக் கடல்மீது பறந்து ஹெர்ரிங் மீன்கூட்டம் எங்கே திரள்கிறது என்று பார்த்துப் படகுகளுக்குச் சொன்னது. பயணிகளைவிட மீன்தான் அன்றைக்கு நிச்சயமான வருமானம்.

பெயர் வைப்பதிலும் இரு குடும்பங்களுக்கும் தனித்தனி வழக்கம். மூத்த நிறுவனம் தன் விமானங்களைக் குதிரைகளாகப் பாவித்தது. அதன் சின்னமே சிறகு முளைத்த குதிரை. குட்ல்ஃபாக்ஸி, சோல்ஃபாக்ஸி, ஹ்ரீம்ஃபாக்ஸி என்று ஒவ்வொன்றுக்கும் பிடரிமயிரை வைத்து ஒரு பெயர்: பொன்பிடரி, கதிர்ப்பிடரி, உறைபனிப்பிடரி. சாலை என்று சொல்லும்படி அதிகம் இல்லாத நாட்டில், நூற்றாண்டுகளாக மனிதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனது குதிரைதான். அந்த வேலையை இப்போது செய்கிறவனுக்கு அந்தப் பெயர். இளைய நிறுவனம் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. முதல் ஸ்கைமாஸ்டர் ஹெக்லா, இரண்டாவது கெய்சிர். பூமிக்குள்ளிருந்து கொதிநீர் பீய்ச்சியடிக்கும் ஊற்றின் பெயர் அது.

அன்று ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று அதிகம். பெரிய விமானங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. நாளிதழில் செய்தி வந்தால் விமானத்தின் வகையோ பதிவெண்ணோ வராது. ஹெக்லா கோபன்ஹேகனிலிருந்து வந்தது, குட்ல்ஃபாக்ஸி புறப்பட்டது என்றுதான் வரும். நம் கடலோர ஊர்களில் இன்னார் வள்ளம் கரை திரும்பிவிட்டது என்று சொல்வதைப் போன்ற பேச்சு.

அந்த நெருக்கம் எவ்வளவு என்பது 1950 செப்டம்பர் 14 அன்று தெரிந்தது. லக்ஸம்பர்கிலிருந்து சரக்கேற்றி வந்த கெய்சிர் இரவில் வழிதவறி வட்னயோகுட்ல் பனிப்பாளத்தில் மோதியது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய பனிப்பாளங்களில் ஒன்று அது. அன்று எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தது. விமானத்தில் ஆறு பேர், அதில் ஒரு பணிப்பெண். சரக்கில் துணிப்பொதிகளும் கூண்டுகளில் நாய்களும் இருந்தன. தேடுகிறவர்கள் முதலில் கடலில் தேடினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நாடு முழுதும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. நான்காம் நாள், உருக்குலைந்த விமானத்துக்குள் கிடந்த உயிர்காப்புப் படகின் அவசர வானொலியை வெளியே எடுத்துச் செய்தி அனுப்பினார்கள். பனிமேல் இருக்கிறோம், எங்கே என்று தெரியவில்லை, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்பது சாரம். கடலோரக் காவல் கப்பலொன்றின் காதில் அது மெலிதாக விழுந்தது. தேடிப்போன விமானம் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டது.

மீட்கப் போனவர்களும் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. பனிச்சறுக்குப் பலகை பொருத்திய அமெரிக்க ராணுவ டகோட்டா ஒன்று பனிப்பாளத்தில் சுலபமாக இறங்கியது, எழும்ப முடியவில்லை. கடைசியில் அகுரெய்ரியிலிருந்து நடந்தும் சறுக்கியும் வந்த குழுவோடு எல்லோரும் இறங்கி வந்தார்கள், டகோட்டாவை அங்கேயே விட்டுவிட்டு. குளிர்காலம் அதைப் பனிக்குள் புதைத்தது. கெய்சிரை இழந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த லோஃப்ட்லெய்திர்காரர்கள் அதை 700 டாலருக்கு விலைபேசி வாங்கினார்கள். 1951 வசந்தத்தில் மண்வெட்டியும் புல்டோசரும் கொண்டுபோய்த் தோண்டி, கீழே இழுத்துவந்து, எஞ்சினைக் கிளப்பி, ரெய்க்யவிக்குக்கு ஓட்டியே வந்துவிட்டார்கள். பிறகு அது நல்ல லாபத்துக்கு விற்கப்பட்டது. இன்றைக்கு எந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவும் காப்பீட்டுப் பிரிவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

கெய்சிர் விழுந்த அதே இலையுதிர்காலத்தில், 1950 நவம்பர் 3 அன்று, ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையில் மோதி 48 பேர் இறந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1966 ஜனவரியில், அதே மலையில் மோதிய ஏர் இந்தியா போயிங்கின் பெயர் கஞ்சன்ஜங்கா. அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் இருந்தார். அன்று ஏர் இந்தியா தன் ஜெட்களுக்கு இமயச் சிகரங்களின் பெயரை வைத்திருந்தது. மலையின் பெயரைச் சூடியவன் இன்னொரு மலையில் போய் விழுந்தான். மோன் பிளாங்க் பனியாறு அந்தச் சிதறல்களை இன்னமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

லோஃப்ட்லெய்திர் அடுத்த இருபதாண்டில் வேறு ஆளானது. உலகின் பெரிய நிறுவனங்கள் கூடிப் பேசி அட்லாண்டிக் கட்டணத்தை நிர்ணயித்த காலத்தில், அந்தச் சங்கத்தில் சேராமல் வெளியே நின்று, எல்லோரையும்விடக் குறைந்த விலையில் நியூயார்க்கிலிருந்து லக்ஸம்பர்குக்கு ஆள் ஏற்றியது. மற்றவர்கள் ஜெட்டில் பறந்தபோது இவர்கள் சுழலி விமானத்தில், நடுவழியில் ஐஸ்லாந்தில் இறங்கி ஏறிப் போனார்கள். நேரம் அதிகம், காசு குறைவு. முதுகுப்பையோடு ஐரோப்பா பார்க்கக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் இதற்கு ஹிப்பி ஏர்லைன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1964இல் வந்த கனடேர் விமானங்களில் 160 பேர். பின்னர் உடலை நீட்டி 189 ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் பெயர்களும் மாறின. எரிமலையும் ஊற்றும் போய், லெய்ஃபுர் எய்ரிக்சன் போன்ற பழைய கடலோடிகள் வந்தார்கள். கொலம்பஸுக்கு ஐந்நூறு ஆண்டு முன்பே அமெரிக்கக் கரையைத் தொட்டவர் பெயரை, அமெரிக்கர்களுக்குப் பயணச்சீட்டு விற்கிற நிறுவனம் வைத்துக்கொண்டதில் வியாபாரக் கணக்கு இல்லாமல் இருக்காது. மலைப் பெயரில் உள்ளூர்க்காரனுக்குக் கிடைத்த சொந்தம் இதில் கொஞ்சம் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

மூத்த நிறுவனத்துக்கு 1967இல் முதல் ஜெட் வந்தது, போயிங் 727. பெயர் பழைய குதிரைதான், குட்ல்ஃபாக்ஸி. பின்னாளில் அது அமெரிக்காவில் பார்சல் சுமந்தது. அதன் முகப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து அகுரெய்ரி விமான அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இரு குடும்பங்களும் 1973இல் ஒன்றாயின. சில ஆண்டுகளில் ஐஸ்லாந்தேர் என்ற பெயர் நிலைத்தது.

லெய்ஃபுர் எய்ரிக்சன் என்ற பெயருக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு, துயரமான தொடர்பு. 1978 நவம்பர் 15 இரவு, மெக்கா சென்று திரும்பிய இந்தோனேசிய ஹஜ் பயணிகளை ஏற்றிய, இணைந்த நிறுவனத்தின் டிசி-8, எரிபொருளுக்காகக் கொழும்பில் இறங்க வந்தது. கட்டுநாயக்க ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானத்தின் பெயர் லெய்ஃபுர் எய்ரிக்சன்.

1989 முதல் புதிய போயிங்குகள் வரிசையாக வந்தபோது பெண்பெயர்களின் முறை: ஆல்டீஸ், எய்டீஸ், ஹாஃப்டீஸ். எல்லாம் தேவதை என்று பொருள்படும் டீஸ் என்பதில் முடியும் பெயர்கள். பிறகு மறுபடியும் சில காலம் கடலோடிகள். அதன்பின் நிறுவனம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. 757 விமானங்கள் ஒவ்வொன்றும் ஓர் எரிமலையாயின: ஹெக்லா, கட்லா, அஸ்க்யா, க்ராப்லா. எய்யாஃப்யாட்லயோகுட்ல்கூட உண்டு. 2010 ஏப்ரலில் ஐரோப்பாவின் வானத்தை ஆறு நாள் மூடி, சுமார் ஒரு லட்சம் விமானச் சேவைகளை ரத்துசெய்ய வைத்த அதே மலை. அதே மாதம் ஐஸ்லாந்தேர் தன் சொந்த விமான நிலையத்தை விட்டுத் தற்காலிகமாகக் கிளாஸ்கோவிலிருந்து பறந்தது. தன் தொழிலை நிறுத்தியவன் பெயரைத் தன் ஊர்தியின் நெற்றியில் எழுதிக்கொள்வதற்கு ஒரு தனிக் குணம் வேண்டும். 1947இலும் அந்தக் குணம்தான் இருந்தது.

இரண்டு விமானங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 2015இல் பறக்கத் தொடங்கிய ஹெக்லா அரோரா, வடதுருவ ஒளியைப் போல வரையப்பட்ட 757. கருநீல உடலில் பச்சைத் திரை அசைவது மாதிரி, காற்றுத் தூரிகையால் அடித்த வண்ணம். உள்ளே கூரையில் அதே பச்சையும் நீலமும் மாறிமாறி எரியும் விளக்குகள். அடுத்தது 2017இல், நிறுவனத்தின் எண்பதாவது ஆண்டுக்காக, பனிப்பாளத்தின் விரிசல்களும் நீலப் பள்ளங்களும் உடல் முழுதும் தீட்டிய விமானம். அதன் பெயர் வட்னயோகுட்ல். கெய்சிரை விழுங்கிய அதே பனி. அன்று பயத்தோடு உச்சரித்த பெயர், இன்று சுற்றுலாவுக்கு அழைக்கும் சுவரொட்டி. 1949இல் ஐஸ்லாந்துக்கு வந்த வெளிநாட்டார் ஐயாயிரம் சொச்சம். 2024இல் 22 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே நான்கு லட்சத்தை எட்டவில்லை. அந்த ஓராண்டில் ஐஸ்லாந்தேர் மட்டும் 47 லட்சம் பயணிகளை ஏற்றியது. அவ்வளவு பேரை வரவழைக்க மலையும் பனியும் விளம்பரப் பலகையாகத்தான் வேண்டும். இதில் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இந்த வருமானம் இல்லாவிட்டால் அந்தத் தீவு இன்னமும் மீனையே பெரிதும் நம்பியிருக்கும்.

மாறியது விமானம் மட்டுமா? 2018இல் முதல் போயிங் 737 மேக்ஸ் வந்தபோது எரிமலை வரிசையை விட்டு, மற்ற இயற்கை இடங்களுக்குப் போனார்கள். அதற்கு வைத்த பெயர் யோகுல்ஸார்லோன். வட்னயோகுட்லின் ஒரு கிளைப் பனியாறு உருகித் தேங்கிய ஏரி. உடைந்த பனிப்பாறைகள் மிதந்து மிதந்து கடலை நோக்கிப் போகும். ஆனால் 1930களின் நடுப்பகுதிக்கு முன் அப்படியொரு ஏரியே கிடையாது. பனியாறு கடலுக்குப் பக்கம்வரை நீண்டிருந்தது. முதல் ஹெக்லா பறந்த நாட்களில் அது பனியின் விளிம்பில் ஒரு சின்னத் தேக்கம், யாரும் அதற்காக விமானம் ஏறி வரவில்லை. இன்று பதினெட்டு சதுர கிலோமீட்டருக்குக் குறையாது, ஆழம் இருநூறு மீட்டருக்கு மேல், ஐஸ்லாந்திலேயே ஆழமான ஏரி. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க ஏரி வளர்கிறது. அதன் அழகு முழுவதும் இன்னொன்றின் தேய்மானம்.

பழைய பெயர்களின் உரிமைக்காரர்களும் அப்படியே இல்லை. பெரிய கெய்சிர் ஊற்று இப்போது பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. ஒரு காலத்தில் விருந்தினர் வந்தால் சோப்பைக் கரைத்து ஊற்றி அதைப் பொங்க வைத்தார்கள். பிறகு அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். 2000இல் வந்த நிலநடுக்கம் அதைக் கொஞ்ச காலம் எழுப்பிவிட்டது, மறுபடி அடங்கிவிட்டது. பக்கத்தில் உள்ள ஸ்ட்ரோக்குர் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீய்ச்ச, கேமராக்கள் அத்தனையும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. ஹெக்லா கடைசியாக வெடித்தது 2000இல்.

கிடைத்ததைக் கணக்கில் எழுதாமல் விடுவது நியாயமில்லை. முதல் ஹெக்லா வருவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, 1947 மே 29 அன்று, மூத்த நிறுவனத்தின் டகோட்டா ஒன்று வடகரை மலையில் மோதி, ஏறியிருந்த 25 பேரும் இறந்தார்கள். ஒன்றேகால் லட்சம் பேர் உள்ள நாட்டில் அது எத்தனை வீட்டுத் துக்கம் என்று யோசிக்கவேண்டும். அன்றைய விமானி மேகத்துக்குள் பறந்தபடி கடிகாரத்தையும் திசைகாட்டியையும் வைத்து, இந்நேரம் மலையைத் தாண்டியிருப்போம் என்று கணித்தார். இன்றைய விமானம் தான் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி தானே அறிவிக்கிறது. முன்னே மலை இருந்தால் கருவி குரல் கொடுக்கிறது. பெயர் தெரிந்த விமானத்துக்காக நாடே நான்கு நாள் வானொலிமுன் காத்திருந்த நெருக்கம் போய்விட்டது என்றால், அந்தக் காத்திருப்பும் சேர்ந்துதான் போயிற்று. எனக்கு இந்த வியாபாரத்தில் ஆட்சேபம் இல்லை.

போனது என்ன? பெயர் இன்னமும் எழுதப்படுகிறது. விமானத்தின் முன்பக்கம், விமானியறைச் சன்னலுக்குக் கீழே, சின்ன எழுத்தில். ஏணி வைத்து ஏறிய நாளில் அது கண்ணுக்கு நேரே தெரியும். மூடிய பாலத்தின் வழியாக நேரே உள்ளே நுழைகிறவருக்கு விமானத்தின் வெளிப்புறமே தெரிவதில்லை. கைபேசிச் செயலியில் இருக்கை எண்ணும் விமான வகையும் வருகிறது. எஸ்யாவில் உட்கார்ந்து பாஸ்டன் போகிறவரிடம் எதில் வந்தீர்கள் என்று கேட்டால் ஏர்பஸ் என்பார், அதுவும் தெரிந்திருந்தால். பெயரைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பழுதுபார்க்கும் ஆட்களும், வேலியோரம் கேமராவோடு நிற்கும் விமானப் பித்தர்களும்தான்.

எரிமலைப் பெயர் தாங்கிய 757கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறுகின்றன. அவற்றில் பல முப்பது வயதை நெருங்கியவை, எண்ணெய் அதிகம் குடிப்பவை. 2023இல் ஐஸ்லாந்தேர் பதின்மூன்று ஏ321எக்ஸ்எல்ஆர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மேலும் பன்னிரண்டு வாங்கும் உரிமையும் கையில் இருக்கிறது. 2029 முதல் வரத் தொடங்கும். இருபத்தைந்து பெயர் தேடவேண்டியிருந்தாலும் அந்த நாட்டில் மலைக்குப் பஞ்சமில்லை. பனியாறுகளின் பட்டியலில் மட்டும் ஓக்யோகுட்லை 2014இலேயே அடித்துவிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து அது இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகையும் பதித்தாயிற்று.